எலி வாங்குவதற்கு முன்பே முடிவாகும் விஷயங்கள்: விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு எப்படி எழுதுவது?

கேள்வி சுருக்கமாக இது: எம்.ஃபார்ம் மருந்தியல் மாணவி ஒருவர், ஒரு மூலிகைச் சாறு வீக்கத்தைத் தணிக்கிறதா என்று விஸ்டார் என்ற ஆய்வக வகை எலிகளில் கராஜீனன் பாத வீக்க முறையில் (பாதத்தில் கராஜீனன் என்ற பொருளை ஊசியால் போட்டு வீக்கம் உண்டாக்கி அளக்கும் முறை) பார்க்க விண்ணப்பித்திருக்கிறார். ஐந்து குரூப், குரூப்புக்கு ஆறு, மொத்தம் 30 எலிகள். "மூன்று ஆர் பகுதி போதவில்லை, எண்ணிக்கைக்கு நியாயம் சொல்லப்படவில்லை" என்று நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பிவிட்டது. (மூன்று ஆர் என்பது மாற்று, குறைப்பு, செம்மைப்படுத்தல்; ஆங்கிலத்தில் மூன்றும் ஆர் எழுத்தில் தொடங்கும்.) என்ன எழுதினால் ஒப்புதல் கிடைக்கும், இதெல்லாம் சம்பிரதாயம்தானே என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சம்பிரதாயம் இல்லை. உங்கள் எலிகள் எவ்வளவு துன்பப்படும் என்பதில் பெரும்பகுதி, அவை அனிமல் ஹவுஸுக்கு வருவதற்கு முன்பே உங்கள் மேசையில் தீர்மானமாகிவிடுகிறது. எத்தனை எலி, எந்த முறை, எப்போது நிறுத்துவது, யார் பார்த்துக்கொள்வது என எல்லாமே தாளில் எடுக்கப்படும் முடிவுகள். குழு கேட்டிருப்பது அந்த முடிவுகளைத்தான். படிவத்தில் அந்தப் பகுதிக்கு நான்கு வரி இடம்தான் இருக்கும். தனித்தாளில் எழுதி இணையுங்கள்.

இந்த மூன்று ஆர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எழுதுவது எளிதாகும். 1954இல் இங்கிலாந்தில், விலங்கு நலனுக்கான பல்கலைக்கழகக் கூட்டமைப்பு ஒன்று வில்லியம் ரஸல் என்ற விலங்கியலாளரையும் ரெக்ஸ் பர்ச் என்ற நுண்ணுயிரியலாளரையும் அமர்த்தி, ஆய்வகங்களில் விலங்குகள் எப்படிக் கையாளப்படுகின்றன என்று ஆராயச் சொன்னது. 1959இல் அவர்கள் வெளியிட்ட நூலில்தான் மாற்று, குறைப்பு, செம்மைப்படுத்தல் என்ற மூன்றும் வகுக்கப்பட்டன. விலங்கு இல்லாமல் முடியுமானால் அப்படிச் செய். முடியாதென்றால் குறைவாகப் பயன்படுத்து. பயன்படுத்தும் விலங்குக்கு வலியும் அச்சமும் குறையும்படி முறையைத் திருத்து. பலர் படிக்காமல் விட்டுவிடும் ஒரு பகுப்பும் அதில் உண்டு. சோதனையின் இயல்பிலேயே இருக்கும் துன்பம் ஒன்று. கவனக்குறைவால் கூடவே வரும் துன்பம் இன்னொன்று. பாதத்தில் கராஜீனன் போட்டால் வலிக்கும், அது முதல் வகை. வீங்கிய காலோடு எலி எழுந்து நின்று மேலே இருக்கும் தட்டியில் தீனி கடிக்க வேண்டியிருப்பது இரண்டாம் வகை. அந்த இரண்டாம் வகையில் ஒரு மில்லிகிராம் அறிவியல் பயன்கூடக் கிடையாது. தீனியைக் கூண்டின் தரையில் போட்டால் தீர்ந்துவிடும். உங்கள் விண்ணப்பத்தில் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பட்டியலிட்டாலே பாதி வேலை முடிந்தது.

இந்தியச் சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950களின் தொடக்கத்தில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக, 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பல பத்தாண்டுகள் அதன் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். தவிர்க்க முடிந்த இடத்தில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் புத்தகம், மாதிரி, படம் போதுமென்றால் விலங்கு கூடாது. கைத்திறன் பழகுவதற்காக மட்டும் சோதனை செய்யக்கூடாது. மீண்டால் கடும் துன்பம் தரும் அளவுக்குக் காயம்பட்ட விலங்கை மயக்கத்தில் இருக்கும்போதே உயிர்நீக்க வேண்டும் என்றெல்லாம் அதிலேயே இருக்கிறது. 1998 விதிகள் இதற்கு நடைமுறை வடிவம் கொடுத்தன. சிபிசிஎஸ்இஏ என்று அறியப்பட்டு இப்போது சிசிஎஸ்இஏ ஆகியிருக்கும், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழு, மூன்று ஆரோடு நான்காவதாக மறுவாழ்வையும் சேர்த்திருக்கிறது: சோதனைக்குப் பிறகு விலங்கைப் பராமரிக்கும் செலவும் ஆய்வுச் செலவின் பகுதி.

இனி உங்கள் விண்ணப்பத்துக்கு வருவோம்.

மாற்று: "வேறு வழி இல்லை" என்று எழுதாதீர்கள்

திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றில் இந்தப் பகுதி ஒரே வாக்கியம்தான்: "முழு உயிரியில் மட்டுமே பார்க்க முடியும் என்பதால் மாற்று இல்லை." இது வெறும் கூற்று; எப்படித் தெரியும் என்பதற்கு ஆதாரம் வேண்டும். எந்தத் தரவுத்தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொற்களைப் போட்டுத் தேடினீர்கள், எத்தனை கட்டுரை வந்தது, அதே தாவரத்தின் அதே பகுதியை அதே கரைப்பானில் எடுத்து யாராவது ஏற்கெனவே இந்த முறையில் பார்த்திருக்கிறார்களா என்று எழுதுங்கள். பார்த்திருந்தால் உங்கள் ஆய்வு மறுபதிப்பு. குழு மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். அப்போது கேள்வியை மாற்றுங்கள்: பிரித்தெடுத்த ஒரு பின்னம், வேறொரு செயல்வழி, வேறொரு நோய்நிலை.

அடுத்து, எலிக்கு முன் என்ன செய்தீர்கள் என்று காட்டுங்கள். ரா 264.7 என்ற மேக்ரோபேஜ் நோயெதிர்ப்புச் செல்களை எல்பிஎஸ் என்ற பாக்டீரியப் பொருளால் தூண்டி, வீக்கத்தின் அடையாளங்களான நைட்ரைட்டைக் கிரீஸ் வினைப்பொருளாலும் டிஎன்எஃப்-ஆல்ஃபா புரதத்தை எலைசா சோதனையாலும் அளக்கலாம். கூடவே, செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கும் எம்டிடி சோதனையும் வேண்டும். செல் செத்துப்போனாலும் நைட்ரைட் குறையும். சாறு விஷமாக இருப்பதை வீக்கம் தணிப்பதாக எடுத்துக்கொள்ளும் தவறு இங்கேதான் நடக்கிறது. இந்தக் கட்டத்தில் எதுவும் தெரியாத சாற்றை எலிக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. நான்கு சாறுகளில் மூன்று இங்கேயே கழிந்தால், மூன்று ஆய்வுக்கான எலிகள் மிச்சம். முட்டை வெண்கரு அல்புமின் திரிதலைத் தடுக்கும் சோதனையைப் பலர் மாற்று முறை என்று காட்டுகிறார்கள். செலவு குறைவு என்பதைத் தவிர அதற்கு வலு இல்லை. புரதம் திரியாமல் காக்கும் எந்தப் பொருளும் அதில் தேறிவிடும். அதை ஆதாரமாக வைத்து எலிக்குப் போவது சரியான வாதம் ஆகாது.

செல் வளர்ப்பிலும் ஒரு விலங்குக் கேள்வி இருக்கிறது. செல்களை வளர்க்கும் ஊடகத்தில் சேர்க்கும் எஃப்பிஎஸ் என்ற சீரம், சினைமாடுகள் அறுக்கப்படும்போது கருவிலிருக்கும் கன்றின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. சீரம் இல்லாத ஊடகமோ மனித இரத்தத் தட்டணுக்களிலிருந்து எடுத்த கரைசலோ உங்கள் செல்லுக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். முடியாவிட்டால், செறிவை 10 சதவீதத்திலிருந்து 5க்கு இறக்கிப் பழக்க முடியுமா என்றாவது பார்க்கலாம். "முழு மாற்று" என்று படிவத்தில் எழுதும்போது இதையும் சொல்வது நேர்மை.

குடல் தசைச் சுருக்கம் போன்ற திசுச் சோதனைகள் உங்கள் திட்டத்தில் இருந்தால், அதற்கென்று கினி பன்றியைக் கொல்ல வேண்டாம். உணவுக்காக அறுக்கப்பட்ட ஆட்டின் சிறுகுடல் அல்லது கோழியின் சிறுகுடல் பல அகோனிஸ்டுகளுக்கு (ஏற்பியைத் தூண்டும் மருந்துகளுக்கு) நன்றாகவே வேலை செய்யும். அறுத்தவுடன் டைரோட் என்ற உப்புக் கரைசலில், குளிர்ச்சியாக, ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஒரு மணி நேரம் பையில் வெறுமனே கிடந்த குடல் சுருங்காது. பிறகு "மாற்று முறை சரிவரவில்லை" என்று எழுதுவார்கள்.

பயிற்சிக்காகவே விலங்கு வேண்டும் என்ற வாதம் இன்று நிற்காது. பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் விலங்கியல் வகுப்புகளில் அறுவையைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. 2014இல் முற்றிலுமாக நிறுத்தச் சொன்னது. புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்ஃபார்ம் என்ற கணினி நிரல், தவளை இதயமும் முயல் கண்ணும் இல்லாமலே அந்தப் பாடங்களைக் கற்றுத்தருகிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் உள்ள மகாத்மா காந்தி-டோரன்காம்ப் மையம், கல்வியில் விலங்குகளுக்கு மாற்று என்பதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டது.

நஞ்சு அளவு பார்ப்பதில் பழைய பழக்கத்தை விடுங்கள்

ஆய்வேட்டில் தீவிர நச்சுத்தன்மைச் சோதனை இருந்தால், அதில் எல்டி50 என்ற சொல்லைப் பார்த்தவுடன் குழு நிமிர்ந்து உட்காரும். பாதி விலங்குகள் சாகும் அளவைக் கண்டுபிடிக்கும் இந்த முறையை 1927இல் டிரெவன் என்பவர் கொண்டுவந்தார். டிஜிட்டாலிஸ், இன்சுலின் போன்ற மருந்துகளின் ஆற்றலைத் தொகுதிக்குத் தொகுதி ஒப்பிடத்தான் அப்போது அது தேவைப்பட்டது. பிறகு எல்லா வேதிப்பொருளுக்கும் பழக்கமாக ஒட்டிக்கொண்டது. வேதிப்பொருள் சோதனைக்கு வழிகாட்டிகள் வெளியிடும் பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி, இந்த முறைக்கான தன் 401ஆம் வழிகாட்டியை 2002 இறுதியில் நீக்கிவிட்டது. இப்போது இருப்பவை 420, 423, 425.

மூலிகைச் சாறுகளுக்கு 423 போதும். ஒரு படிக்கு மூன்று விலங்கு, பொதுவாகப் பெண் எலி. நிலையான அளவுகள் கிலோவுக்கு 5, 50, 300, 2000 மில்லிகிராம். நஞ்சு இருக்காது என்று நம்பக் காரணம் இருந்தால் 2000இலேயே எல்லைச் சோதனை: மூன்று, பிறகு உறுதிப்படுத்த இன்னும் மூன்று, மொத்தம் ஆறு எலி. மருந்து கொடுத்த முதல் அரை மணி நேரத்தில் குறைந்தது ஒருமுறை, முதல் நான்கு மணி நேரம் கூர்ந்து, பிறகு 14 நாள் தினமும் பார்க்க வேண்டும். எலியை முந்தின இரவு பட்டினி போடலாம். சுண்டெலிக்கு 3 முதல் 4 மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதன் உடலளவுக்கு இரவு முழுப் பட்டினி என்பது எடையையும் சர்க்கரையையும் கடுமையாக இறக்கிவிடும். தொடங்கும் அளவைத் தேர்ந்தெடுக்க 3டி3 என்ற வளர்ப்புச் செல்களில் நியூட்ரல் ரெட் சாயத்தால் நச்சுத்தன்மை பார்க்கும் சோதனையைப் பயன்படுத்தும் வழி ஓஇசிடியின் 129ஆம் வழிகாட்டு ஆவணத்தில் இருக்கிறது. அதே சாற்றுக்கு யாராவது ஏற்கெனவே 2000 வரை பார்த்திருந்தால், இந்தச் சோதனையே வேண்டாம். அந்தத் தரவை மேற்கோள் காட்டிவிட்டு நகருங்கள்.

குறைப்பு: ஆறு என்ற எண் எங்கிருந்து வந்தது?

"குரூப்புக்கு ஆறு" என்பது நம் ஊர் ஆய்வேடுகளில் ஒருவர் மற்றவரிடமிருந்து எடுத்துக்கொண்டே வந்த எண். சில ஆய்வுக்கு அது அதிகம், சில ஆய்வுக்குப் போதாது. போதாமல் போவதும் கொடுமைதான். எதையும் நிறுவ முடியாத ஆய்வில் இறந்த முப்பது எலிகள் வீணாக இறந்தவை.

கணக்கு கடினமானது இல்லை. இரண்டு குரூப்புகளின் சராசரியை ஒப்பிட, 5 சதவீதப் பொருண்மை மட்டத்தில் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 80 சதவீத வலு (இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) வேண்டுமென்றால், குரூப்புக்குத் தேவையான எண்ணிக்கை ஏறக்குறைய 15.7ஐ விளைவு அளவின் வர்க்கத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டுவது. விளைவு அளவு என்பது, நீங்கள் கண்டுபிடிக்க விரும்பும் வேறுபாட்டைத் திட்டவிலக்கத்தால் (எலிக்கு எலி அளவீடு எவ்வளவு சிதறுகிறது என்பதால்) வகுத்தது.

எண்ணை வைத்துப் பார்ப்போம். கராஜீனன் போட்ட மூன்றாம் மணியில் கன்ட்ரோல் எலிகளின் (சாறு தரப்படாதவை) பாத வீக்கம் சராசரி 0.80 மி.லி., திட்டவிலக்கம் 0.15 என்று வைத்துக்கொள்வோம். 0.25 மி.லி. குறைந்தால்தான் மருந்தாகப் பேச மதிப்புண்டு என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள். 0.25ஐ 0.15ஆல் வகுத்தால் 1.67, வர்க்கம் 2.78, 15.7 வகுத்தல் 2.78 என்பது 5.65, ஒன்று கூட்டி மேலே முழுமையாக்கினால் 7. ஆக ஆறு போதாது. அதே ஆய்வில் திட்டவிலக்கத்தை 0.10க்கு இறக்க முடிந்தால்? விளைவு அளவு 2.5, வர்க்கம் 6.25, விடை 3.5, முழுமையாக்கினால் 4. அளவீட்டின் சிதறலைக் குறைத்ததாலேயே குரூப்புக்கு மூன்று எலி மிச்சம். இந்த ஒரு கணக்கை விண்ணப்பத்தில் போட்டால் குழுவுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. திட்டவிலக்கத்தை உங்கள் துறையின் பழைய ஆய்வேடுகளிலிருந்து எடுங்கள். கட்டுரைகளில் ± குறிக்குப் பின் வருவது திட்டவிலக்கமா, சராசரியின் திட்டப்பிழையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திட்டப்பிழை என்றால் அதை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் போட்டால் தேவையான எண்ணிக்கை பொய்யாகக் குறைந்துவிடும்.

பழைய தரவே இல்லையென்றால் வளச் சமன்பாடு உதவும். மொத்த விலங்கு எண்ணிக்கையிலிருந்து குரூப் எண்ணிக்கையைக் கழித்தால் 10க்கும் 20க்கும் இடையில் வர வேண்டும். உங்கள் 30 கழித்தல் 5 என்பது 25, எல்லைக்கு மேல். குரூப்புக்கு ஐந்து வைத்தால் 25 கழித்தல் 5, சரியாக 20. இது கடைசி வழிதான். திட்டவிலக்கம் தெரிந்தால் முதல் கணக்கையே பயன்படுத்துங்கள். இந்தக் கணக்கைப் போட்டுத் தரும் ஜிபவர் இலவச நிரல். மூன்று ஆருக்காகவே இயங்கும் பிரிட்டனின் என்சி3ஆர்ஸ் அமைப்பு இணையத்தில் வைத்திருக்கும் சோதனை வடிவமைப்பு உதவிக் கருவியும் இலவசம்.

சாற்றை மூன்று அளவுகளில் கொடுப்பது எதற்கு என்றும் கேளுங்கள். கிலோவுக்கு 100, 200, 400 மில்லிகிராம் என்பதும் பழக்கத்தால் வந்ததுதான். உங்கள் கேள்வி "வேலை செய்கிறதா" என்பது மட்டும் என்றால் ஓர் அளவோ இரண்டோ போதும். அளவுக்கேற்ப விளைவு ஏறுவதைக் காட்டுவதுதான் நோக்கமென்றால் மூன்றும் வேண்டும், அப்படியே எழுதுங்கள். பல குரூப்புகளை ஒரே கன்ட்ரோலோடு ஒப்பிடும்போது கன்ட்ரோலில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வைத்து மற்றவற்றைக் குறைப்பது மொத்தத்தில் லாபம். எந்த ஒப்பீடு முதன்மையானது என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

சிதறலைக் குறைப்பதும் சார்பு நுழையாமல் தடுப்பதும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள். 2009இல் 271 கட்டுரைகளை ஆராய்ந்த ஒரு மதிப்பீட்டில், 87 சதவீதத்தில் குலுக்கல்முறை ஒதுக்கீடும் 86 சதவீதத்தில் மறைப்பும் (எந்த எலிக்கு எது தரப்பட்டது என்று அளப்பவருக்குத் தெரியாமல் வைப்பது) குறிப்பிடப்படவில்லை. கூண்டில் கைவிட்டு, அகப்பட்டதை முதல் குரூப்பில் போடுவது குலுக்கல் ஆகாது. முதலில் அகப்படுவது சுறுசுறுப்புக் குறைந்த எலியாக இருக்கும். அவையெல்லாம் ஒரே குரூப்பில் சேரும். எடை வாரியாக வரிசைப்படுத்தி, ஐந்தைந்தாகப் பிரித்து, ஒவ்வொரு ஐந்துக்குள்ளும் எக்ஸெலின் ரேண்டம் எண்ணால் ஒதுக்குங்கள். ஒரு குரூப் முழுவதையும் ஒரே கூண்டில் வைக்காதீர்கள். ஜன்னல் ஓரக் கூண்டு எது, விளக்கடியில் உள்ளது எது என்பதெல்லாம் மருந்தின் விளைவாகத் தெரிய ஆரம்பித்துவிடும். மறைப்புக்கு, சாற்றுக் குப்பிகளில் உங்கள் தோழி குறியீடு ஒட்டட்டும். திறவுகோல் வழிகாட்டியிடம் இருக்கட்டும். அளக்கும் நீங்கள் பகுப்பாய்வு முடியும்வரை பார்க்காதீர்கள். சாறு கரும்பச்சையாகவும் கன்ட்ரோல் நிறமற்றும் இருந்தால், வாய்வழி கொடுப்பவரும் அளப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும்.

செம்மைப்படுத்தல்: எழுத அதிகம் இருப்பது இங்கேதான்

எலிகள் வந்ததும் குறைந்தது ஒரு வாரம் அங்கே ஏற்கெனவே உள்ள விலங்குகளிலிருந்து பிரித்து வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வாரத்தை வெறுமனே கழிக்காதீர்கள். தினமும் சில நிமிடம் கையில் எடுத்துப் பழக்குங்கள். மார்புக்கூட்டைச் சுற்றித் தளர்வாகப் பிடித்து, பின்னங்காலைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பாதத்தின் கன அளவைக் காட்டும் கருவியான ப்ளெதிஸ்மோமீட்டரின் வெறும் நீரில் பாதத்தை மூன்று நாள் நனைத்துப் பழக்குங்கள். முதல்முறை காலை இழுத்துக்கொள்ளும் எலியின் அளவீடு எப்போதும் குளறுபடிதான். மேலே சொன்ன 0.15ஐ 0.10க்கு இறக்குவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. சுண்டெலி என்றால் வாலைப் பிடித்துத் தூக்குவதையே நிறுத்துங்கள். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஜேன் ஹர்ஸ்ட் குழு 2010இல் காட்டியது இது: வாலைப் பிடித்துத் தூக்கப்பட்ட சுண்டெலிகள் அஞ்சி ஒதுங்கின, ஒரு குழாய்க்குள் நுழைய விட்டுத் தூக்கப்பட்டவையும் உள்ளங்கைகளில் ஏந்தப்பட்டவையும் கையாள்பவரிடம் தாமாகவே வந்தன. இதற்குச் செலவு ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு.

சிசிஎஸ்இஏ வழிகாட்டுதல்படி வெப்பம் 18 முதல் 29 டிகிரி, ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம், 12 மணி நேர வெளிச்சம். எண்களைப் படிவத்தில் நிரப்புவதோடு நிற்காமல், மே மாதத்தில் மின்சாரம் போனால் அந்த அறையில் என்ன நடக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். 200 முதல் 300 கிராம் எலிக்குத் தரைப்பரப்பு 187.1 சதுர செ.மீ. என்பது குறைந்தபட்சம். கடிக்க ஒரு மரக்கட்டை, ஒளிந்துகொள்ள அட்டைக் குழாய், கூட வாழ இன்னொரு எலி ஆகியவற்றை விலக்கி வைக்க வேண்டியிருந்தால்தான் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். தருவதற்குக் காரணம் வேண்டாம்.

கராஜீனன் 1 சதவீதம், 0.1 மி.லி., ஒரு பாதத்தில் மட்டும். இரண்டு பாதத்திலும் போட்டால் எலி நடக்க முடியாது. அறிவியல் பயனும் இல்லை. வீக்கம் மூன்றாம் மணியிலிருந்து ஐந்தாம் மணிக்குள் உச்சத்தைத் தொடும். உங்கள் கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது என்றால் 24ஆம் மணி அளவீட்டுக்காக எலியை இரவு முழுதும் வலியோடு வைக்க வேண்டாம். மென்மையான படுக்கை, தரையில் தீனி, எட்டும் உயரத்தில் தண்ணீர்க் குழாய். அளக்க வேண்டியதே வீக்கம் என்பதால் வலிநிவாரணி தர முடியாது. அந்தக் காரணத்தை வெளிப்படையாக எழுதி, அதற்கு ஈடாகக் காலத்தைக் குறைத்திருக்கிறோம் என்று காட்டுங்கள். வாய்வழிக் கரைசல் கிலோவுக்கு 10 மி.லி. அளவில் இருக்கட்டும். சாறு கெட்டியாக இருக்கிறது என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனால் வயிறு உப்பும். சில சமயம் நுரையீரலுக்குப் போய் எலி சாகும். அந்தச் சாவு பிறகு "மருந்தின் நச்சு" என்று பதிவாகும்.

இரத்தம் எடுப்பதாக இருந்தால் கணக்கு: எலியின் மொத்த இரத்தம் கிலோவுக்குச் சுமார் 64 மி.லி. 200 கிராம் எலிக்கு 12.8 மி.லி. ஒரே தடவையில் அதில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது, அதாவது சுமார் 1.3 மி.லி.; 28 நாளில் மொத்தம் 15 சதவீதத்துக்குள். 25 கிராம் சுண்டெலிக்கு ஒரு தடவை 0.18 மி.லி.தான். கண்குழி வழியாக எடுப்பதென்றால் மயக்கம் கட்டாயம். வால் சிரையில் எடுக்க முடியுமென்றால் அதையே தேர்ந்தெடுங்கள்.

வலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்குப் பயன்படும் அறிவு இப்போது இருக்கிறது. இரையாகும் விலங்கு என்பதால் எலி வலியை மறைக்கும். கத்தவில்லை என்பதால் வலிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழு 2010இல் சுண்டெலிக்கும் 2011இல் எலிக்கும் முகச்சுளிப்பு அளவுகோலை வெளியிட்டது. எலியில் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்: கண் இடுங்குதல், மூக்கும் கன்னமும் தட்டையாதல், காது மடிந்து வெளிப்பக்கம் திரும்புதல், மீசை மயிர் விறைத்தல். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. தூங்கும்போதும் மேனி கோதும்போதும் மதிப்பெண் போடாதீர்கள். அப்போதும் கண் இடுங்கித்தான் இருக்கும்.

இதையும் எடை இழப்பு, ரோமம் சிலிர்த்திருத்தல், கூன்முதுகு, நடமாட்டம் ஆகியவற்றையும் சேர்த்து ஒரு பக்க மதிப்பெண் தாள் தயாரியுங்கள். எந்த மதிப்பெண்ணில் கூடுதல் கவனிப்பு, எந்த மதிப்பெண்ணில் கால்நடை மருத்துவரை அழைப்பது, எதில் சோதனையிலிருந்து விலக்கி உயிர்நீக்குவது என்று எண்ணோடு எழுதுங்கள். தொடக்க எடையில் 20 சதவீதம் இழந்தால் நிறுத்துவது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. ஞாயிற்றுக்கிழமையும் பொங்கல் விடுமுறையிலும் யார் வந்து பார்ப்பார், முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதையும் அதே தாளில் போடுங்கள். விலங்குகள் கவனிப்பாரின்றிச் சாவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான்.

இந்த இடத்தில் உங்கள் ஆய்வைத் தாண்டி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வயிற்றுக்குள் புற்றுச் செல்களைச் செலுத்தி வளர்க்கும் எர்லிக் அசைட்டிஸ் கட்டிச் சோதனையில் "சராசரி வாழ்நாள்" அளப்பதற்காக, வயிறு ஊதி மூச்சுத் திணறித் தானாகச் சாகும்வரை சுண்டெலியை விட்டுவைக்கும் பழக்கம் நம் கல்லூரிகளில் இன்னும் இருக்கிறது. இதை நிறுத்த வேண்டும். எடை கூடும் வேகம், வயிற்றுச் சுற்றளவு, நடமாட்டம் ஆகியவற்றில் ஓர் எல்லை வகுத்து, அதைத் தொட்ட நாளையே முடிவு நாளாகக் கொண்டு அதே உயிர்வாழ் பகுப்பாய்வைச் செய்யலாம். அல்லது குறிப்பிட்ட நாளில் எல்லாவற்றையும் உயிர்நீக்கி, கட்டிச் செல்களின் எண்ணிக்கையை ஒப்பிடலாம். கடைசி இரண்டு நாள் வேதனையால் கூடுதலாகக் கிடைக்கும் தகவல் எதுவும் இல்லை.

உயிர்நீக்கம்

"ஈதர் மயக்கத்தில்" என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். ஈதர் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும், எலி திணறும். எளிதில் தீப்பற்றும், ஈதரில் உயிர்நீக்கிய உடல்களைக் குளிர்பெட்டியில் வைத்தால் வெடிக்கும் ஆபத்தும் உண்டு. குளோரோஃபார்மும் கூடாது. பென்டோபார்பிட்டோன் மிகை அளவு நல்ல வழி; கிடைக்காவிட்டால் கீட்டமைன்-சைலசின் கொடுத்து ஆழ்ந்த மயக்கம் வந்த பிறகு, இன்னொரு முறையால் உறுதிப்படுத்தலாம். கரியமில வாயு என்றால் சிலிண்டரும் வாயு பாயும் வேகத்தை அளக்கும் ஓட்டமானியும் வேண்டும். நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 சதவீதம் என்பது அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல்: 10 லிட்டர் பெட்டிக்கு 3 முதல் 7 லிட்டர். முன்பே வாயு நிரப்பிய பெட்டியில் எலியைப் போடக்கூடாது; நினைவு போவதற்கு முன்பே மூக்கில் அமிலம் பட்டதுபோல் எரியும். ஒரு பெட்டியில் ஒரு கூண்டு எலிகள் மட்டும், மற்ற எலிகளின் பார்வைக்கு அப்பால். மூச்சு நின்றபின் இதயத் துடிப்பும் நின்றதா என்று பார்த்து உறுதிசெய்யுங்கள். பிறந்த குட்டிகள் கரியமில வாயுவை நெடுநேரம் தாங்கும். அவற்றுக்கு இந்த முறையை மட்டும் நம்ப வேண்டாம்.

குழுவின் முன்னால்

குழுவில் உங்கள் கல்லூரி ஆசிரியர்கள் மட்டும் இல்லை. கால்நடை மருத்துவர், அனிமல் ஹவுஸ் பொறுப்பாளர், மத்தியக் குழு நியமித்த வெளி உறுப்பினர்கள், அவர்களில் அறிவியல் துறை சாராத சமூக அக்கறை கொண்ட ஒருவரும் இருப்பார். அந்தக் கடைசி நபருக்குப் புரியும் தமிழிலோ ஆங்கிலத்திலோ அரைப்பக்கம் எழுதித் தாருங்கள்: எலிக்கு என்ன நடக்கும், எவ்வளவு நேரம், எதற்காக. தலைப்பிலும் அட்டவணையிலும் விண்ணப்பப் படிவமான படிவம் பியிலும் எலி எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள்; வேறுபாடு இருந்தால் கேள்வி கேட்காமலே திரும்பும். எலிகளைப் பதிவுபெற்ற வளர்ப்பகத்திலிருந்தே வாங்க வேண்டும். நடுவில் அளவையோ முறையையோ மாற்ற நேர்ந்தால் திருத்த விண்ணப்பம் போட்டு ஒப்புதல் வந்த பிறகே தொடருங்கள். "கொஞ்சம் மாற்றம்தான்" என்று செய்த ஆய்வைப் பத்திரிகைகள் நிராகரிக்கும், அதற்குள் எலிகள் போயிருக்கும்.

ஆய்வு முடிந்ததும் விலங்கு ஆய்வுகளை எப்படி எழுதி வெளியிட வேண்டும் என்று சொல்லும், 2020இல் புதுப்பிக்கப்பட்ட அரைவ் 2.0 பட்டியலில் உள்ள 21 அம்சங்களில் முதல் பத்தை, கட்டாயப் பத்து என்று அவர்கள் சொல்வதை, வரிசையாக எழுதுங்கள். எத்தனை எலி தொடங்கின, எத்தனை விலக்கப்பட்டன, ஏன் என்பதும் அதில் உண்டு. இதை ஆய்வு முடிந்தபின் நிரப்புவதைவிட, தொடங்குமுன் நகல் எடுத்து மேசையில் வைத்துக்கொள்வது பயன் தரும். ஜெர்மனியின் அனிமல் ஸ்டடி ரெஜிஸ்ட்ரி போன்ற தளங்களில் திட்டத்தை முன்பே பதிவு செய்யவும் முடியும். சாறு வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் அதையும் வெளியிடுங்கள். வெளியிடாவிட்டால் இன்னொரு கல்லூரியில் இன்னொரு மாணவி அதே தாவரத்தை எடுத்து, தேடிப் பார்த்து, எதுவும் இல்லை என்று நம்பி, இன்னும் இருபத்தைந்து எலிகளுக்கு விண்ணப்பம் எழுதுவார்.